புதிய டிசையர்: முதல் பார்வையில் தெரிவதும் தெரியாததும்

டிசையர் என்பது மாருதி சுசூகி நிறுவனம் இந்தியாவில் தயாரித்து விற்கும் சிறிய செடான் கார் ஆகும். முன்னால் இயந்திரத்துக்கும், நடுவில் பயணிகளுக்கும், பின்னால் சாமான்களுக்கும் தனித்தனி அறைகள் உள்ள காரைச் செடான் என்பர். டிசையரின் நான்காம் தலைமுறை 2024 நவம்பர் 11 அன்று விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் ஷோரூம் விலை 6.79 லட்சம் ரூபாயில் தொடங்கி 10.14 லட்சம் ரூபாய் வரை இருந்தது.

நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு பெரும்பாலும் கார்தான். பல ஆண்டுக் கடன் போட்டு வாங்கும் அந்தக் காரில் முதலில் கண்ணில் படுவது முகப்பு, விளக்கு, தொடுதிரை ஆகியவையே. ஆனால் இந்த மறுவடிவமைப்பில் குடும்பத்துக்கு அதிகம் பயன்படும் மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் உள்ளன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு மீட்டர் என்னும் எல்லை

டிசையரின் பின்புறம் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. அதற்கு விடை வரிச் சட்டத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் இயந்திரம் 1,200 சி.சி.க்கு மிகாமலும் இருந்தால் அது சிறிய கார். டீசல் இயந்திரத்துக்கு எல்லை 1,500 சி.சி.

2008இல் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம் உடையது. அதன் டிக்கியில் 440 லிட்டர் இடம் இருந்தது. 2012இல் வந்த இரண்டாம் தலைமுறையின் நீளம் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. வரிச்சலுகை கிடைத்தது, டிக்கி 316 லிட்டராகக் குறைந்தது. பின்பக்கத்தை வெட்டி எடுத்தது போன்ற அந்த வடிவத்தைப் பலர் குறை கூறினர். 2017இல் வந்த மூன்றாம் தலைமுறையில் அதே நீளத்துக்குள் 378 லிட்டர் இடம் கிடைத்தது. இப்போதைய காரின் நீளமும் 3,995 மில்லிமீட்டர்தான். டிக்கி 382 லிட்டர்.

ஜி.எஸ்.டி. வந்த பிறகும் இந்த எல்லை மறையவில்லை. புதிய டிசையர் அறிமுகமானபோது சிறிய பெட்ரோல் காருக்குக் கூடுதல் தீர்வையுடன் 29 விழுக்காடும், அதைவிடப் பெரிய நடுத்தரக் காருக்கு 45 விழுக்காடும் வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இவை முறையே 18, 40 விழுக்காடுகளாயின. ஆகவே இந்தக் காரின் பின்புறத்தை வடிவமைப்பாளரோடு சேர்ந்து வரிச் சட்டமும் வரைந்திருக்கிறது எனலாம்.

வெளித்தோற்றம்

டிசையர், ஸ்விஃப்ட் என்னும் ஹேட்ச்பேக் காரின் அடித்தளத்தின் மீது உருவானது. முதல் இரண்டு தலைமுறைகளும் ‘ஸ்விஃப்ட் டிசையர்’ என்ற பெயரிலேயே விற்கப்பட்டன. ஸ்விஃப்டுக்கு டிக்கி ஒட்டவைத்தது போன்ற தோற்றம் அவற்றுக்கு இருந்தது. மூன்றாம் தலைமுறையில் பெயரிலிருந்து ஸ்விஃப்ட் நீங்கியது. நான்காம் தலைமுறையில் முகமும் வேறாகிவிட்டது. அகன்ற கருநிற முகப்பு, அதில் கிடைக்கோடுகளாகச் செல்லும் பட்டைகள், ஒல்லியான விளக்குகள் ஆகியவை சேர்ந்து காரை உள்ளதைவிட அகலமாகக் காட்டுகின்றன. கோடு கிடையாக நீளும்போது கண் அதை அகலமாக உணரும் என்பது ஓவியப் பாடத்தில் படித்த செய்திதான்.

பின்புறத்திலும் அதே உத்தி கையாளப்பட்டுள்ளது. இரு பக்க விளக்குகளையும் ஒரு பட்டை இணைக்கிறது. உயரமும் குறுகலுமாகத் தெரியக்கூடிய பின்புறம் இதனால் அகன்று தெரிகிறது. ஸ்விஃப்டின் நீளம் 3,860 மில்லிமீட்டர். டிசையர் அதைவிட 135 மில்லிமீட்டர் மட்டுமே கூடுதல். ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான இந்த இடத்துக்குள் ஒரு முழு டிக்கி இருப்பதாகக் கண்ணை நம்பவைக்க வேண்டும். அந்த வேலையை இம்முறை ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

உள்ளமைப்பும் வசதிகளும்

முன்பலகையின் அமைப்பு ஸ்விஃப்டில் உள்ளதேதான். கருப்பு நிறத்துடன் வெளிர்பழுப்பு நிறமும், மரம் போன்ற பூச்சும் சேர்த்து அதை வேறுபடுத்தியுள்ளனர். விலை உயர்ந்த வகையில் 9 அங்குலத் தொடுதிரை, காரைச் சுற்றிலும் காட்டும் 360 பாகை கேமரா, கம்பியின்றிக் கைபேசிக்கு மின்னேற்றும் வசதி, மின்விசையால் திறக்கும் சன்ரூஃப் ஆகியவை உள்ளன. இந்த அளவுச் செடான்களில் சன்ரூஃப் வந்தது இதுவே முதல் முறை.

விளம்பரங்களில் முன்னிற்கும் இவற்றுள் சன்ரூஃபும் 360 பாகை கேமராவும் உச்ச வகையில் மட்டுமே கிடைக்கின்றன. தொடக்க விலையைப் படித்துவிட்டு உச்ச வகையின் படத்தைப் பார்ப்பவர் இரண்டும் ஒரே கார் என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் சன்ரூஃப் எத்தனை நாள் திறக்கப்படும் என்பதையும் வாங்குபவர் எண்ணிப் பார்க்கலாம். பின்னிருக்கையில் அமர்வோருக்கான குளிர்காற்றுத் துளைகள் அதைவிட அன்றாடம் பயன்படும்.

இயந்திரம்

முந்தைய நான்கு சிலிண்டர் இயந்திரத்துக்குப் பதிலாக 1,197 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம் வந்துள்ளது. திறன் ஏறத்தாழ 90 குதிரைத்திறனிலிருந்து 82 ஆகக் குறைந்துள்ளது. மூன்று சிலிண்டர் இயந்திரத்தில் அதிர்வும் இயல்பாகவே சற்று அதிகம். அதற்கு ஈடாக எரிபொருள் மிச்சமாகிறது. கையால் கியர் மாற்றும் வகைக்கு நிறுவனம் அறிவித்துள்ள மைலேஜ் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், முன்பு இது 22.41.

ஒரு சிறு கணக்கு: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்குப் பழைய அளவின்படி சுமார் 44.6 லிட்டர் பெட்ரோல் தேவை. புதிய அளவின்படி சுமார் 40.3 லிட்டர். மிச்சம் ஏறத்தாழ 4.3 லிட்டர். இவை சோதனைக்கூட அளவுகள் என்பதால் நகர நெரிசலில் இவ்வளவு கிடைக்காது. சி.என்.ஜி. வகையின் அறிவிக்கப்பட்ட மைலேஜ் கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர். ஆனால் அதன் வாயு உருளை டிக்கியில் இருப்பதால் சாமான் வைக்கும் இடம் பெருமளவு குறைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம்

மாருதி கார்களின் உறுதி குறித்து நீண்ட காலமாகவே கேள்வி இருந்தது. இலேசான உடலால் மைலேஜ் கூடுகிறது, பாதுகாப்புக் குறைகிறது என்பது பலரின் எண்ணம். அறிமுகத்துக்குச் சில நாள் முன் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இக்கார் பெரியவர் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரமும் பெற்றது. பெரியவர் பிரிவில் 34க்கு 31.24 மதிப்பெண், குழந்தைகள் பிரிவில் 49க்கு 39.20. அச்சோதனையில் மாருதி கார் ஒன்று 5 நட்சத்திரம் பெற்றது அதுவே முதல் முறை.

முன்மோதல் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின் மீது மோதவைக்கப்படும். அப்போது பயணிகள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்கிறதா என்பதே முதன்மையான கேள்வி. கூடு நசுங்கினால் காற்றுப்பை விரிந்தும் முழுப்பயன் இராது. டிசையரின் கூடு உறுதியானது எனச் சோதனை மதிப்பிட்டது. ஆறு காற்றுப்பைகள், வழுக்கும்போது காரை நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பு, ஐந்து இருக்கைக்கும் மூன்று முனை சீட் பெல்ட் ஆகியவை எல்லா வகைகளிலும் உள்ளன. அதாவது விலை குறைந்த வகையை வாங்கும் குடும்பத்துக்கும் இவை கிடைக்கின்றன. திரையின் அளவு வகைக்கு வகை மாறுகிறது. இந்தப் பாதுகாப்பு அம்சங்கள் மாறுவதில்லை.

நேரில் பார்க்கும்போது

ஷோரூமுக்குச் செல்பவர் முன்னிருக்கையில் மட்டும் அமர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. வீட்டில் மிக உயரமானவரைப் பின்னிருக்கையில் அமரவைத்துத் தலைக்கு மேல் இடம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சன்ரூஃபின் பொறியமைப்பு கூரையில் சிறிது இடம் பிடிக்கும். வயதான பெற்றோர் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். வழக்கமாக ஊருக்கு எடுத்துச் செல்லும் பெரிய பெட்டியை டிக்கியில் வைத்துப் பார்க்கலாம். சிவப்பு விளக்கில் நிற்பது போலக் காரை நிறுத்தி, இயந்திரத்தின் அதிர்வைக் கவனிக்கலாம். விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி, தாம் வாங்கப்போகும் வகையின் பத்தியை மட்டும் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

பின்னிருக்கையில் இருப்பவரும் சீட் பெல்ட் அணிந்திருக்க வேண்டும். மோதல் சோதனையில் அமரவைக்கப்படும் பொம்மைகள் பெல்ட்டுடனேயே அமர்கின்றன. பெல்ட் அணியாதவருக்கு அந்த ஐந்து நட்சத்திரங்கள் பொருந்தா.