உரோமானிய மொழிகளைக் கற்கப் புகுவோர்க்கு

'ரொமான்ஸ் மொழிகள்' என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவருட் சிலர் நகைக்கின்றனர். காதற்கதை படிப்பதற்கும் ஒரு பட்டமா என வினவுகின்றனர். அப்பெயர் காதலிலிருந்து வந்ததன்று; உரோமாபுரியிலிருந்து வந்தது. உரோமர் பேசிய இலத்தீன், அவர்தம் பேரரசு தளர்ந்த பின்னர், நாட்டுக்கு நாடு வேறுபட்டு வளர்ந்தது. கற்றோர் எழுதிய இலத்தீனினின்றும் வேறாகப் பொதுமக்கள் பேசிய மொழிக்கே அப்பெயர் வழங்கிற்று. அம்மொழியில் எழுந்த வீரக்கதைகளும் பின்னர் அப்பெயர் பெற்றன. அக்கதைகளிலே காதல் மலிந்திருந்தமையாற் காதலுக்கும் அப்பெயர் ஏறிற்று. முதலில் மொழி, அதன்பின் கதை, ஈற்றிலேதான் காதல்.

இதனை ஈண்டு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. பல்லாண்டுகளின் முன் என்னிடம் பாலபண்டித வகுப்பிற் பாடங்கேட்ட ஒருவர் இப்பொழுது பிரான்சு நாட்டில் வாழ்கின்றார். அவருடைய மகள் கலைமாணிப் பட்டத்துக்கு உரோமானிய மொழிகளையும் அவற்றின் இலக்கியங்களையும் தேர்ந்திருக்கின்றாள். தந்தையாருக்கு இஃது உவப்பாயில்லை. "கணக்கியல் படித்தாற் பிழைத்துக்கொள்வாள், ஐயா சொன்னாற் கேட்பாள்" என்று அவர் எனக்கு எழுதினார். மகளோ, "மூன்று ஆண்டுகளை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்று சொல்லுங்கள் ஐயா" என்று தனியே எழுதினாள். இளமையில் ஒரு குருவானவரிடம் இரண்டாண்டு இலத்தீன் பாடங்கேட்டவன் என்ற உரிமையாலும், ஒப்பிலக்கண நூல்களிற் கொண்ட பற்றாலும் இருவருக்கும் மறுமொழி எழுதினேன். அதனை இத்துறையை நாடும் மாணாக்கர் யாவர்க்கும் பயன்படுமாறு இங்கு விரித்து வரைகின்றேன்.

முதலாவது வினா, ஒரு மொழியைக் கற்பதை விடுத்து ஒரு குடும்பத்தை ஏன் கற்றல் வேண்டும் என்பது. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துக்கேயம், ருமேனியம் என்னும் ஐந்தும் இக்குடும்பத்துள் அரசமொழிகளாய் ஓங்கியவை. கற்றலான், ஒக்சித்தான் முதலியன அவற்றின் உடன்பிறப்புக்கள். இலத்தீனில் இரவைக் குறிக்கும் சொல் 'நொக்தெம்'. அதுவே இத்தாலியத்தில் 'நொத்தே', ஸ்பானியத்தில் 'நோச்சே', போர்த்துக்கேயத்தில் 'நோய்த்தே', பிரெஞ்சில் 'நுவீ', ருமேனியத்தில் 'நுவாப்தே' என நின்றது. பாலைக் குறிக்கும் 'லக்தெம்' என்பது முறையே 'லாத்தே', 'லேச்சே', 'லெய்த்தே', 'லே', 'லாப்தே' என்றாயிற்று. எட்டு என்னும் எண்ணுப்பெயராகிய 'ஒக்தோ'வும் இவ்வழியே சென்றது. ககரமும் தகரமும் இணைந்த இடத்தில் இத்தாலியம் தகரத்தை இரட்டிப்பிக்கும், ஸ்பானியம் சகரமாக்கும், ருமேனியம் ககரத்தைப் பகரமாக்கும், மற்றை இரண்டிலும் ககரம் இகரமாய்த் தேயும். இஃது அறிந்தவன் ஒரு மொழியிற் கண்ட சொல்லை நான்கு மொழிகளில் ஊகித்தறிவான். விதி அறியாதவன் ஐந்து அகராதிகளை நெட்டுருச் செய்வான்.

இத்தகைய விதி நமக்கும் புதியதன்று. தமிழிற் பால், பல், பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என வருதலை நாம் அறிவோம். இலத்தீனின் பகரத்தை அடுத்தொலிக்கும் 'ஃப' என்னும் ஒலி, ஸ்பானியத்தில் முதலில் ஹகரமாகி, இன்று எழுத்தில் மட்டும் நின்று ஒலியின்றிப் போயிற்று. மா என்னும் பொருளுடைய 'ஃபரீனா' அங்கே 'அரீனா' என ஒலிக்கப்படுகின்றது. ஜேர்மனியின் பொன் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த பிரீட்ரிக் டீஸ் என்பார் உரோமானிய மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1836ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1856இல், கால்டுவெலின் திராவிட ஒப்பிலக்கணம் வெளிவந்தது. ஐரோப்பாவில் அந்நூற்றாண்டில் வளர்ந்த ஒப்பாய்வு நெறியின் கிளைகளே இரண்டும். ஆதலால் தமிழ் இலக்கணம் பயின்ற மாணாக்கனுக்கு இத்துறை அந்நியமன்று.

இனிப் பாடத்திட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய நாடுகள் 1999ஆம் ஆண்டு பொலோஞ்ஞா நகரிற் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே, அங்கு முதற்பட்டம் பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பாக அமைந்தது. ஆண்டுக்கு 60 அலகாக 180 அலகுகள். பிரித்தானியாவில் மொழிப்பட்டம் பெரும்பாலும் நான்காண்டு. அவற்றுள் மூன்றாமாண்டு அம்மொழி வழங்கும் நாட்டிலே கழியும். நம்மவர் பிரவேசம், பாலபண்டிதம், பண்டிதம் எனப் படியேறியதுபோல, இதனையும் படிப்படியாக வகுத்தல் வேண்டும்.

முதலாண்டில் ஒரு மொழியைத் தலைமையாகவும் மற்றொன்றைத் துணையாகவும் கொள்க. முன்னரே ஓரளவு அறிந்த மொழி தலைமையாகட்டும். புதிதாகத் தொடங்குவது ஒன்றே ஆகட்டும். உடன்பிறந்த மொழிகள் இரண்டை ஒருங்கே தொடங்குபவன் இரண்டையுங் குழப்புவான். 'புர்ரோ' என்பது இத்தாலியனுக்கு வெண்ணெய், ஸ்பானியனுக்குக் கழுதை. 'சலீரே' என்றால் இத்தாலியத்தில் மேலேறுதல். அதன் உடன்பிறப்பாகிய 'சலீர்' ஸ்பானியத்தில் வெளியேறுதல். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றாற் குடிநீரும் ஆம் என்பதை அறியாத தமிழன் அங்கே திகைப்பதை ஒக்கும் இது. ஐரோப்பியப் பேரவை 2001ஆம் ஆண்டு மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக வகுத்து வெளியிட்டது. முதலாண்டின் முடிவில் துணைமொழியில் ஏ2 படியையேனும் கடந்திருத்தல் நன்று.

இலத்தீனையும் முதலாண்டிலேயே தொடங்குக. கட்டாயமில்லாத இடங்களில் மாணாக்கர் பலர் அதனை விலக்குவர். அஃது இழப்பேயாம். வேற்றுமை உருபுகளால் இயங்கிய இலத்தீன், முன்னிடைச் சொற்களால் இயங்கும் மொழிகளாக மாறியது எங்ஙனம் என்பதே இத்துறையின் உயிர்நாடி. தாயின் முகம் அறியாதவனுக்கு மக்களின் சாயல் புலப்படாது.

இரண்டாம் ஆண்டு மொழி வரலாற்றுக்கு உரியது. இங்கே ஆசிரியர் ஒருவரின் கதையைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 'புரோபுசின் பின்னிணைப்பு' என வழங்கும் ஒரு பழைய சுவடி உளது. எழுதியவர் பெயர் தெரியாது. காலம் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. 227 சொற்களை நிரற்படுத்தி, 'இவ்வாறு சொல்லுக, அவ்வாறு சொல்லற்க' எனத் திருத்துவது அது. கண்ணை 'ஒக்குலுஸ்' என்க, 'ஒக்லுஸ்' எனற்க; காதை 'ஔரிஸ்' என்க, 'ஒரிக்லா' எனற்க. பெயரறியா அப்பெரியார் விலக்கிய வழக்குகள் பல மக்கள் வாயில் நின்று வென்றன. 'ஒக்லுஸ்' இத்தாலியத்தில் 'ஒக்கியோ' ஆயிற்று. ஸ்பானியத்தில் 'ஒஹோ' ஆயிற்று. 'ஒரிக்லா' பிரெஞ்சில் 'ஒரேய்' ஆயிற்று. இன்றோ அவை அம்மொழிகளின் செவ்விய வழக்குகள்; அவற்றைப் பிழைபட எழுதும் பிள்ளைகளை அந்நாட்டு ஆசிரியர் திருத்துகின்றனர்.

இதனைப் படித்துவிட்டுச் சிவப்பு மையை வீசியெறிதல் வேண்டும் என்பார் உளர். அவ்வாறு நான் கருதேன். அம்மனிதர் எழுதி வையாதிருப்பின், மக்கள் அன்று எவ்வாறு பேசினர் என்பதற்கு இத்துணைத் தெளிவான சான்று நமக்குக் கிடைத்திராது. மரபைக் காப்பவனும் மாற்றத்தைக் குறிப்பவனும் ஒருவனேயாதல் கூடும். ஆசிரியத் தொழிலுக்கு வரும் மாணாக்கர் இதனை ஊன்றிச் சிந்திப்பாராக.

மொழி பிரிந்துவிட்டது என்பதை அவர்களே உணர்ந்த காலமும் பதிவாகியுள்ளது. 813ஆம் ஆண்டு தூர் நகரிற் கூடிய திருச்சபைப் பேரவை, மறையுரைகளை மக்கள் விளங்கும் உரோமானிய மொழியிலும் ஜேர்மானிய மொழியிலும் பெயர்த்துரைக்குமாறு விதித்தது. 842இல் அரசர் இருவர் சிறாஸ்பூர்க்கிற் செய்த சூளுரையே பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்றாகப் போற்றப்படுகின்றது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே மக்கள் மொழியின் பெருமையை நிறுவ ஒரு நூல் தொடங்கினார். அதனை இலத்தீனிலேயே எழுதினார். கற்றோரை அவர்தம் மொழியிலேயே வெல்லுதல் அவர் கருத்துப்போலும். அதன்பின் தம் பெருங்காப்பியத்தை இத்தாலியத்திற் பாடி, வாதத்தைச் செயலால் முடித்தார்.

இலக்கியத்தை எவ்வாறு கற்பது? நூற்பெயர்ப் பட்டியல் நீளமானது, காலமோ குறுகியது. செர்வாந்தேசின் 'டொன் கிஹோத்தே' 1605இலும் 1615இலும் இரு பாகமாக வெளிவந்தது. கமோயிஸ் பாடிய போர்த்துக்கேயக் காப்பியம் 1572இல் அச்சேறியது. மொந்தேஞ்னின் கட்டுரைகள் 1580இல் முதலில் வெளிவந்தன. நாம் இன்று கட்டுரை என்று வழங்கும் இலக்கிய வகைக்கு அவரே முன்னோடி. இவற்றுள் எதனையும் சுருக்க நூலிற் படித்து அமையற்க. ஆண்டுக்கு மூன்று பெருநூல்களை மூலத்தில், சொல் தோறும் நின்று கற்பவன், முப்பது நூல்களைப் பற்றிக் கேட்டறிந்தவனினும் மேலானவன். உரையோடு நூல் கேட்ட நம்மரபும் இதுவே அன்றோ?

இம்மொழிகள் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியன என எண்ணுதலும் தவறு. மார்த்தினிக் தீவின் எமே செசேர், செனகல் நாட்டின் செங்கோர், பிரேசிலின் மச்சாதோ த அசீஸ், கொலம்பியாவின் கார்சியா மார்க்கேஸ் ஆகியோரை ஒழித்து இம்மொழிகளின் இலக்கியம் நிறைவுறாது. ஆண்டவரின் மொழியை ஆளப்பட்டவர் தமதாக்கிக்கொண்ட வரலாறு அது. இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பாடத்தை இதற்கு ஒதுக்குக.

மூன்றாம் ஆண்டில், இயலுமாயின் ஒரு தவணையேனும் துணைமொழி வழங்கும் நாட்டிற் சென்று பயில்க. ஐரோப்பாவில் இதற்கென எராஸ்முஸ் என்னும் திட்டம் 1987 முதல் நடைபெறுகின்றது. திரும்பியபின் ஆய்வேடு ஒன்று எழுதுக. பொருள் சிறியதாகவும் ஆழம் பெரியதாகவும் இருத்தல் வேண்டும்.

தமிழ் மாணாக்கருக்கு இங்கே பிறர்க்கில்லாத ஒரு களம் காத்திருக்கின்றது. நாம் அமரும் கதிரை, போர்த்துக்கேயத்தின் 'கதெய்ரா'. அதன் மூலம், கிரேக்கத்திலிருந்து இலத்தீன் ஏற்ற 'கதேத்ரா', ஆசானின் இருக்கை. அலுமாரி, மேசை, யன்னல், சப்பாத்து, பாண் யாவும் அவ்வழி வந்தனவே. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் த புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியைத் தனிநாயகம் அடிகளார் 1966இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர் தமிழிலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்த காலத்து நிகழ்ச்சிகளைக் கூறும் குவேறோசு பாதிரியாரின் பெருநூல் போர்த்துக்கேயத்தில் உள்ளது. நம்மவர் பெரும்பாலோர் அதனை ஆங்கிலப் பெயர்ப்பின் வாயிலாகவே அறிவர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல், பேசுவோர் அருகி வரும் மொழி. தமிழும் போர்த்துக்கேயமும் இலத்தீனும் ஒருங்கறிந்த ஒருவர் செய்யவேண்டிய பணிகள் இவை. அத்தகையோர் எத்துணைப் பேர் உளர்?

எஞ்சியிருப்பது பிழைப்பு என்னும் வினா. அதனை இகழ்தல் ஆகாது. பெற்றோரின் கவலை நியாயமானதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் 24. அவற்றுள் ஐந்து இக்குடும்பத்தவை. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு ஆட்சிமொழிகளுள் இரண்டு இக்குடும்பத்தவை. மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்பு, ஆசிரியத் தொழில், சுவடிச்சாலைப் பணி என்பன இப்பட்டத்துக்குரிய வழிகள். ஆயினும் மொழியறிவு மட்டுமே போதும் என்று நம்பி இராமல், சட்டமோ வரலாறோ கணக்கியலோ ஒன்றை உபபாடமாகச் சேர்த்துக்கொள்ளுதல் அறிவுடைமை. தந்தையின் விருப்பும் மகளின் விருப்பும் ஒரே பாடத்திட்டத்தில் அமர இடமுண்டு.

இந்நாட்டில் இருந்தே கற்க விரும்புவோருக்கும் வாயில் அடைபடவில்லை. பிரெஞ்சு நமது உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடமாக உள்ளது; களனிப் பல்கலைக்கழகத்தில் அதனைப் பட்டத்துக்குப் பயிலலாம். அங்கிருந்து தொடங்கி, இலத்தீனையும் போர்த்துக்கேயத்தையும் தாமே முயன்று சேர்த்துக்கொள்ளலாம். எங்குத் தொடங்கினும் முதலில் ஒரு தாளை எடுத்து, தலைமைமொழி எது, துணைமொழி எது, மூலத்திற் கற்கப்போகும் முதல் மூன்று நூல்கள் எவை என்று எழுதி வைத்துக்கொள்க. விண்ணப்பத்தை அதன் பின்னர் நிரப்பலாம்.