டிரெய்லர் வாங்கும் சங்கங்களுக்கு: கொக்கியும் பின்விளக்கும்

கரும்பு வெட்டும் பருவத்தில் இரவு நேரத்தில் சாலையில் செல்வோர் யாவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. ஆலையை நோக்கிப் பாரம் தாங்காது அசைந்து செல்லும் டிரெய்லரின் பின்புறத்தில் ஒரு பொட்டு வெளிச்சமும் இராது. டிராக்டரின் சொந்தப் பின்விளக்கைக் கரும்புக் கட்டுகள் முற்றிலும் மறைத்துவிடும். பின்னே விரைந்து வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு, முன்னால் ஒரு வண்டி இருப்பதே கடைசி நிமிஷத்தில்தான் புலனாகும். இத்தகைய மோதல்களில் உயிர் இழப்போர் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரே.

வாடகைக்கு விடும் பொருட்டு டிராக்டரும் டிரெய்லரும் வாங்கும் சங்கங்கள் இன்று பல. அவற்றின் இருப்புப் பதிவேட்டில் ‘டிரெய்லர் 1’ என்று எழுதியிருக்கக் காண்கிறோம். அதில் விளக்கு எரிகிறதா என்பதைப் பதிவேடு சொல்லாது. விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது நிர்வாகக் குழுவினர் மொத்தத் தொகையை நோக்குகின்றனரேயன்றி, அத்தொகையில் வயரிங் அடங்கியுள்ளதா என வினவுவோர் சிலரே. குறைந்த விலை எவ்வாறு குறைந்தது என்பதற்கு விடை பல சமயங்களில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கொக்கியைக் கவனிப்போம். டிரெய்லரை டிராக்டரின் பின்னடியில் உள்ள டிராபாரிலோ, தயாரிப்பாளர் அதற்கென அமைத்த கொக்கியிலோ மட்டுமே பூட்டுதல் வேண்டும். கலப்பையின் டாப் லிங்க் மாட்டும் உயரமான இடத்தில் பூட்டினால், பாரத்தோடு மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்கள் கிளம்பி, டிராக்டர் பின்புறமாகவே கவிழக்கூடும். அப்போது ஓட்டுநர் குதித்துத் தப்புவதற்கும் அவகாசம் இராது.

பின் என்பது துளைக்குப் பொருத்தமான கனமுடையதாயிருத்தல் அவசியம். கட்டடக் கம்பியை வெட்டிச் செருகும் வழக்கத்தை நாம் பல ஊர்களில் கண்டதுண்டு. மெலிந்த கம்பி துளைக்குள் ஆடி ஆடி, வளையத்தையும் தேய்த்துத் தானும் தேய்கிறது. மாட்டு வண்டிக்குக் கடையாணி எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இந்தப் பின் நழுவாதபடி அடியில் செருகும் சிறு பூட்டாணி. அதனுடன் இரு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டிவிட்டால், பின் முறிந்தாலும் டிரெய்லரின் முன்தண்டு சாலையில் குத்தாமல் சங்கிலியின்மேல் தங்கும்.

முன்பாரம், பின்பாரம் பற்றி நம் விவசாயிகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. இருசக்கர டிரெய்லரில் பின்பாரம் மிகுந்தால், நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்புவது போலவே டிராபாரும் மேலே தூக்கப்படுகிறது. டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பு இழக்கின்றன. பிரேக்கும் அச்சக்கரங்களில்தானே இருக்கிறது! (இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலையில் ஒன்றாகக் கொளுவிவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.)

இனி வயரிங். இதில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் விளைபவை. ‘இரும்போடு இரும்பு சேர்ந்திருக்கிறது, எர்த் தானே வரும்’ என்று எண்ணி, மின்சாரம் திரும்புவதற்கெனத் தனிக் கம்பி போடாது விட்டுவிடுகிறார்கள். கிரீஸும் துருவும் படிந்த பின் வழியாக மின்சாரம் ஒழுங்காகத் திரும்புவது எங்ஙனம்? குலுக்கலுக்குத் தக்கபடி விளக்கு எரிந்தும் அணைந்தும் போகும். ஏழு முனை சாக்கெட்டில் 3-ஆம் முனை எர்த்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. வெள்ளைக் கம்பி அதற்குரியது. 1-ஆம் முனையில் மஞ்சள் இடது இண்டிகேட்டருக்கும், 4-இல் பச்சை வலது இண்டிகேட்டருக்கும், 6-இல் சிவப்பு பிரேக் விளக்குக்கும், 5-இல் பழுப்பும் 7-இல் கறுப்பும் முறையே வலது, இடது பின்விளக்குகளுக்கும் உரியவை. உள்ளூர் மெக்கானிக் கையில் கிடைத்த நிறத்தைப் போடுவாராதலால், முனையின் எண்ணைப் பார்த்தே இணைக்கச் சொல்லுக.

கம்பியின் கனத்தில் சிக்கனம் கூடாது. 21 வாட் பிரேக் பல்புகள் இரண்டும் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் இழுக்கும். பாட்டரியிலிருந்து பின்கோடி வரை 10 மீட்டர் என்று கொண்டால், போக வர 20 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகி, பல்பின் ஒளி ஏறக்குறையப் பாதியாகிவிடும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியிலோ நஷ்டம் 1 வோல்ட்டுக்கும் குறைவு. இண்டிகேட்டருக்கு டிரெய்லரின் பல்பையும் சேர்த்துத் தாங்கும் பிளாஷர் வேண்டும். பழையதையே வைத்துக்கொண்டால் துடிப்பு தாறுமாறாகும்.

சூரியன் மறைந்தபின் பின்புறம் சிவப்பு விளக்கு எரிய வேண்டுமென்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. ஆயினும் டிரெய்லரின் கட்டையில் விளக்கு இருந்தும், வெளியே நீட்டிய கரும்பு அதை மறைத்துவிடின் பயனென்ன? விளக்குகளையும் சிவப்பு ரிப்ளெக்டர்களையும் ஒரு பலகையில் பொருத்தி, நீண்ட கேபிளுடன் பாரத்தின் கடைசி நுனியில் கட்டித் தொங்கவிடலாம். பாரம் இறக்கியதும் கழற்றி டிராக்டர் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை விலைப்புள்ளி கோரும்போது இப்பலகையையும், தனி எர்த் கம்பியையும், சங்கிலிகளையும் பெயர் குறிப்பிட்டே கேட்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். டிரெய்லர் வந்து சேர்ந்ததும், பட்டியலுக்குப் பணம் வழங்குமுன், இருட்டிய பிறகு ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, 100 அடி பின்னால் நின்று பார்த்துவிடுக.