மூடுபனி வராமல் இருந்திருந்தால்?

சிவப்பு மூக்கு என்றதும் மேலதிகாரி முகம் சுளித்தாராம். குடிகாரர்களுக்கல்லவா மூக்கு சிவந்திருக்கும்? குழந்தைகள் புத்தகத்தில், அதுவும் கிறிஸ்துமஸ் புத்தகத்தில் இது எதற்கு?

இது நடந்தது 1939-ல், சிகாகோவில். மாண்ட்கோமரி வார்ட் என்ற பெரிய கடை நிறுவனம், கிறிஸ்துமஸ் சமயத்தில் வண்ணம் தீட்டும் புத்தகங்களை வெளியில் வாங்கிக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தது. சொந்தமாகத் தயாரித்தால் செலவு மிச்சம் என்று அந்த ஆண்டு தோன்றியிருக்கிறது. விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் மேயின் தலையில் அந்த வேலை விழுந்தது.

மே சிறுவயதில் நோஞ்சான். கூச்ச சுபாவம் வேறு. பெரிய நாவலாசிரியர் ஆகும் கனவோடு இருந்தவர், முப்பத்து சொச்சம் வயதில் விலைப்பட்டியலுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவிக்குப் புற்றுநோய். மருத்துவச் செலவால் கடன். நான்கு வயது மகளுக்கு மிருகக்காட்சிசாலை மான்கள் என்றால் உயிர். மிச்சிகன் ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி அலுவலக ஜன்னலை மறைத்த ஒரு நாளில்தான், விளக்குபோல் ஒளிரும் சிவப்பு மூக்கோடு ஒரு மான் அவருக்குத் தோன்றியது.

மேலதிகாரியைச் சரிக்கட்ட, ஓவியர் டென்வர் கில்லனை அழைத்துக்கொண்டு லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலைக்குப் போனார். கில்லன் வரைந்த மான் படத்தைப் பார்த்ததும் எதிர்ப்பு அடங்கியது. இடையில் ஜூலையில் மனைவி இறந்துபோனார். வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்லியும் மே விடவில்லை. ஆகஸ்டில் எழுதி முடித்தார். அந்தக் கிறிஸ்துமஸில் 24 லட்சம் பிரதிகள் குழந்தைகள் கைக்குப் போயின. 1947-ல் பதிப்புரிமையை நிறுவனமே அவருக்குக் கொடுத்தது. முதலாளிகள் அபூர்வமாகச் செய்யும் காரியம். 1949-ல் அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் எழுதிய பாட்டை ஜீன் ஆட்ரி பாட, ருடால்ஃப் என்ற அந்த மானின் புகழ் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் ருடால்ஃபின் கதையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மூக்கைப் பார்த்துச் சிரித்து, விளையாட்டில் சேர்க்காமல் விரட்டிய மான்கள் எப்போது மனம் மாறுகின்றன? பனியில் வழி தெரியாத கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு அந்த மூக்கு வெளிச்சம் காட்டிய பிறகு. காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கிற கதைதானே இது? அன்று வானம் தெளிவாக இருந்திருந்தால் ருடால்ஃபின் கதி என்ன?

1964-ல் தொலைக்காட்சியில் வந்த பொம்மைப் படம் இதை இன்னும் கூர்மையாக்கியது. அதில் அப்பா மானே குட்டியின் மூக்கில் சேற்றை அப்பி மறைக்கிறது. ஊர் சிரிப்பதைவிடப் பெற்றவர் கூச்சப்படுவதுதான் குழந்தைக்கு வலிக்கும் என்பதை அந்தப் படம் எடுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதிலேயே, எந்தக் குழந்தையும் விரும்பாத கோணல் பொம்மைகள் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு தீவும் வருகிறது. சதுரச் சக்கரம் வைத்த ரயில், நீந்தத் தெரிந்த பறவை என்று எல்லாம் ஏறுமாறு. வந்து மீட்பதாக ருடால்ஃப் வாக்குக் கொடுத்தும், முதல் ஒளிபரப்பில் அவற்றை யாரும் அழைத்துப்போகவில்லை.

பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. புகார்க் கடிதங்கள் வந்தன. அடுத்த ஆண்டு ஒளிபரப்பில் தாத்தா தீவுக்குப் போய் பொம்மைகளை ஏற்றிக்கொள்ளும் காட்சியைச் சேர்த்தார்கள். அந்த ரயிலின் சதுரச் சக்கரத்தால் யாருக்கும் வழி தெரியவில்லை, எந்த வண்டியும் ஓடவில்லை. ஆனாலும் அதற்கு ஒரு வீடு கிடைக்கிறது. என்னைக் கேட்டால், மூல நூலைவிட இந்தச் சின்ன ஒட்டுதான் உசத்தி.

இந்த டிசம்பரில் வீட்டுப் பிள்ளைக்கு ருடால்ஃப் கதையைப் படித்துக் காட்டுவீர்களானால், மூடுபனி வருவதற்கு முந்தைய பக்கத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். இந்த மானோடு நீ விளையாடுவாயா என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.