எல்லா இணைப்பும் ஒரே முகவரியிலிருந்து வருவது ஏன்?

ஒரு வினவல் போஸ்ட்கிரெஸ் சர்வரைத் திணறடிக்கிறது. அனுப்பியது யார்? பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பட்டியலைத் திறந்தால், 40 இணைப்புக்கும் ஒரே ஐபி: 10.0.0.5. அந்த இயந்திரத்திலோ எந்தச் செயலியும் இல்லை. இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் இடைநிலை நிரலான பிஜிபவுன்சர் மட்டும் ஓடுகிறது.

சர்வர் பொய் சொல்லவில்லை. டிசிபி இணைப்பின் மறுமுனை எதுவோ, அந்த முகவரிதான் அதற்குத் தெரியும். அலுவலகத்தில் எந்த மேசையிலிருந்து பேசினாலும் வெளியே போர்டு நம்பர்தானே தெரிகிறது? செயலிகள் பிஜிபவுன்சரின் 6432 போர்ட்டில் பேசுகின்றன. அது தன் சொந்த இணைப்பில் சர்வரின் 5432-க்கு வினவலைக் கொண்டுபோகிறது. ஒரே இணைப்பு பல செயலிகளுக்கு மாறி மாறிப் பயன்படும். பட்டியலில் முகவரிக் கட்டம் காலியா? பெரும்பாலும் சர்வர் இருக்கும் இயந்திரத்திலேயே யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வந்த இணைப்பு, அல்லது சர்வரின் உள்வேலை.

அதே பட்டியலில் உள்ள அப்ளிகேஷன்_நேம் கட்டம் உதவுமே என்று தோன்றும். கவனம் தேவை: அது செயலி தானே சொல்லிக்கொள்ளும் பெயர், சர்வர் சரிபார்ப்பதில்லை. பழைய நிரலை நகலெடுத்தவர் பெயரை மாற்ற மறந்தால், பழி வேறொரு குழுவின் மேல் விழும். இதில் அப்பாவிகள் மாட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும்.

வழி என்ன? பிஜிபவுன்சரின் நிர்வாக முனையில் 'ஷோ கிளையன்ட்ஸ்' கொடுங்கள். அதனுடன் இணைந்தவர்களின் முகவரிகள் அங்கே கிடைக்கும். அதன் அமைப்பில் அப்ளிகேஷன்_நேம்_ஆட்_ஹோஸ்ட் மதிப்பை 1 ஆக்கினால், செயலியின் முகவரியும் போர்ட்டும் அப்ளிகேஷன்_நேம் பெயரோடு ஒட்டி வரும். இயல்பில் அது 0. இன்றே பார்த்துவிடுங்கள்.