சுவரில் தொங்கும் காவலாளி
சூரிய மின்சாரத்தில் பணம் கரைவது கூரையில் அல்ல, சின்னப் பெட்டியில்

கூரையேறும் பேனலுக்குக் கிடைக்கும் மரியாதை, சுவரில் தொங்கும் சார்ஜ் கன்ட்ரோலருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பேட்டரியின் ஆயுள் பெரும்பாலும் இதன் கையில்தான். பகலில் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமலும், இரவில் மின்சாரம் பேனலுக்குத் திரும்பி ஓடாமலும் தடுப்பது இதுதான்.

சந்தையில் இரண்டு ரகங்கள். பி.டபிள்யூ.எம். ரகம் பேனலை நேரடியாக பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் ஒரு வேகமான சுவிட்ச். விலை உயர்ந்த எம்.பி.பி.டி. ரகமோ பேனலின் உபரி வோல்டை ஆம்பியராக மாற்றித் தருகிறது.

எதை வாங்குவது? வங்காளத்தின் சாகர் தீவு 1990களிலேயே சூரிய மின்சாரத்தைக் கண்ட இடம். அதுபோன்ற தீவுக் கிராமத்தில் நான்கு விளக்கு எரிக்க, 36 செல் கொண்ட 50 வாட் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் போதும். பேனல் தருவது சுமார் 18 வோல்ட்தான். இதற்கு மலிவான பி.டபிள்யூ.எம். தாராளம்.

அதே பேட்டரியில் 330 வாட் பேனலை மாட்டினால் கதை வேறு. அது 37 வோல்டில் 9 ஆம்பியர் தரும். பி.டபிள்யூ.எம். அந்த 9 ஆம்பியரை மட்டுமே 13 வோல்டில் கொடுக்கும். கிடைப்பது 117 வாட். மூன்றில் இரண்டு பங்கு வீண். இங்கே எம்.பி.பி.டி. அவசியம். 330ஐ 12ஆல் வகுத்து, கால் பங்கு கூட்டினால் சுமார் 34 வரும். எனவே 40 ஆம்பியர் கன்ட்ரோலர் வேண்டும்.

லடாக்கில் ஆபத்து வேறு வகை. குளிரக் குளிர பேனலின் வோல்டேஜ் ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம். 25 டிகிரியில் 46 வோல்ட் காட்டும் இரு பேனல்களைத் தொடராக இணைத்தால் 92 வோல்ட். லே நகரின் மைனஸ் 20 டிகிரி விடியலில் அதுவே 104 ஆகும். 100 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலர் அன்றே புகைந்துவிடலாம். 150 வோல்ட் ரகமே பாதுகாப்பு.

பேட்டரியின் ஜாதியும் முக்கியம். லெட் ஆசிட் பேட்டரிக்கான அமைப்பு லித்தியத்துக்குப் பொருந்தாது. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்வதே கூடாது; அதைத் தடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணையும் கூரை அமைப்புக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை. மற்றவர்கள் கடைக்காரரிடம் விலைக்கு முன்பு கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை ஆம்பியர் தரும், எந்த பேட்டரிக்கு? பதில் தெரியாத கடையில் தள்ளுபடி கிடைத்தாலும் நஷ்டம்தான்.