தெருவில் வாழும் மனநோயாளிக்கு மருந்து மட்டும் போதுமா?

மாத்திரை அட்டையை எங்கே வைப்பது?

மனச்சிதைவு நோய்க்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை மாதக்கணக்கில், பலர் ஆண்டுக்கணக்கில், விடாமல் சாப்பிட வேண்டும். பேருந்து நிலையத்தில் படுப்பவர் மாத்திரை அட்டையை எங்கே பத்திரப்படுத்துவார்? பை திருடு போகும், மழையில் நனையும். சில மருந்துகள் அசத்தித் தூங்க வைக்கும்; நடைபாதையில் அப்படித் தூங்குவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அவர் மாத்திரையைத் தூக்கி எறிந்தால் நோய் முற்றிவிட்டது என்கிறோம். தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த முடிவாகவும் அது இருக்கலாமே! சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் உண்டு. ஆனால் அடுத்த ஊசி போடும் நாளில் அவரை எந்தத் தெருவில் தேடுவது? தங்க ஓர் இடம் தருவதைத் தருமக் கணக்கில் எழுதுவது தவறு. அது சிகிச்சைக் கணக்கில் வர வேண்டியது.

'முதலில் குணமாகட்டும்'

நோய் தணிந்து, குடிப்பழக்கமும் விட்ட பிறகுதான் வீடு தர வேண்டும், இல்லையென்றால் பணம் வீண் என்பார்கள். இந்த வரிசையை 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தலைகீழாக்கினார்: நிபந்தனையின்றி முதலில் வீடு, சிகிச்சைக் குழு வீடு தேடி வரும். கனடா இதை 2009 முதல் ஐந்து நகரங்களில், மனநோயுள்ள வீடற்றோர் 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், இம்முறையில் வீடு பெற்றவர்களில் 62 சதவீதத்தினர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான சேவை பெற்றவர்களில் 31 சதவீதம்தான். நோய் அறிகுறிகள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. அப்படியானால் வீடு தனியாக நோயைத் தீர்க்காது, உண்மைதான். ஆனால் குணமாகும்வரை காத்திருக்கச் சொன்னதால் எவருக்கும் கூடுதல் குணம் கிடைக்கவில்லை என்பதும் அதே கணக்கில் தெரிகிறது.

குடும்பம் பார்க்காதா?

நம் ஊரில் எழும் கேள்வி வேறு. சொந்தபந்தம் இருக்க, அரசு ஏன் வீடு தர வேண்டும்? குடும்பத்தைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது நல்ல வழிதான். பலருக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். இப்படிப்பட்ட காப்பகங்களில் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அருகில் மருத்துவமும் உதவியும் இல்லையென்றால் வேறு என்ன வழி?

அதனால் மூன்றாவது வழி ஒன்று தேவை. சென்னையில் 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு அதைச் செய்து காட்டுகிறது. ஊருக்குள்ளேயே வாடகைக்கு வீடு எடுத்து, நீண்ட காலம் காப்பகத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேரை ஒன்றாகக் குடிவைக்கிறார்கள். உடனிருந்து உதவ ஒரு பணியாளர் இருப்பார். சமையல், கடைக்குப் போவது, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் அவர்களுடையதே. செலவாகுமே என்றால், ஆகும்தான். ஒருவரை ஆயுள் முழுக்க மருத்துவமனைப் படுக்கையில் வைத்திருப்பதும் இலவசமல்ல.

சட்டம் சொல்வது

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-ஆம் பிரிவு. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிபவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வது காவல்துறையின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. அப்படி ஒருவரைப் பார்த்தால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள்: வீடற்றவருக்கு அங்கே மனநல சிகிச்சை இலவசம் என்பது சட்டம் தந்த உரிமை.