மேலிருந்து பார்த்தவர்

ராகேஷ் சர்மா ஐதராபாத்தில் வளர்ந்தவர். அங்கே நிஜாம் கல்லூரியில் படித்தார். பிறகு விமானப் படையில் விமானி ஆனார். 1971ஆம் ஆண்டுப் போரில் போர் விமானம் ஓட்டினார்.

1984 ஏப்ரல் மாதம் சோவியத் வீரர்கள் இருவருடன் ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குச் சென்றார். அப்படிச் சென்ற முதல் இந்தியர் அவரே. ஏறக்குறைய 8 நாட்கள் பூமியைச் சுற்றி வந்தார். ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்!

திரும்பி வந்தபின் பல ஊர்களில் மக்களிடம் பேசினார். விண்வெளியிலிருந்து பார்த்தால் நாடுகளுக்கு இடையே எல்லைக்கோடு தெரியவில்லை என்றார்.

கோடு வரைபடத்தில் இருக்கிறது. பூமியோ ஒன்றுதான். நாம் மூச்சுவிடும் காற்றும் ஒன்றுதான்.

போர் விமானம் ஓட்டியவர் சொன்ன சொல் இது. நாமும் எண்ணிப் பார்ப்போம்.